ஈவ் ஆன்லைனில் பெயரும் கூட்டணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கார்ப்பில், அதாவது ஈவ் ஆட்டக்காரர்களின் குழுவில், புதியவர்களைச் சேர்க்கும் வேலையை நாலு வருடமாகப் பார்த்து வருகிறேன். சென்னையிலிருந்து வந்தாலும் சரி, யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்தாலும் சரி, முதல் மாதத்தில் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, நான் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ஈவ்ல மட்டும் ஏன் எல்லாரும் "பேர் முக்கியம், பேர் முக்கியம்"னு சொல்றாங்க? மத்த கேம்ல இப்படி இல்லையே?

ஈவ் ஆன்லைன், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உள்ள சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. சீனாவுக்கென்று தனி ஏற்பாடு உண்டு. மற்றபடி உலகம் முழுக்க டிரான்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் ஆடுகிறது. வேறு விளையாட்டுகளில் ஓர் இடத்தில் பெயர் கெட்டால் இன்னொரு சர்வருக்குப் போய்விடலாம். இங்கே போக இடமில்லை. இன்று நீங்கள் ஏமாற்றிய ஆளை மூன்று வருடம் கழித்து எதிரே பார்ப்பீர்கள். அதற்குள் அவர் ஒரு பெரிய படையை நடத்துபவராக வளர்ந்திருக்கலாம்.

இன்னொன்று, இங்கே வெடித்த கப்பல் வெடித்ததுதான். காப்பீட்டில் கொஞ்சம் கிடைக்கும், மீதி நஷ்டம். விளையாட்டுக்குள் நடக்கும் ஏமாற்று வேலையில் சிசிபி தலையிடுவதும் இல்லை. கடன் வாங்கி ஓடினவரைப் பற்றிப் புகார் கொடுத்தால் பணம் திரும்பி வராது. கொடுத்த வாக்கை மீறினால் தண்டிக்க நடுவர் யாரும் கிடையாது. அதனால்தான் வாக்கைக் காப்பாற்றுகிற ஆளுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

என் செக்யூரிட்டி ஸ்டேட்டஸ் நல்லா இருக்கு. அதுதானே என் நற்பெயர்?

இல்லை. மனிதர்கள் உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை அந்த எண் காட்டாது. கம்ப்யூட்டர் நடத்தும் கொள்ளையர்களைச் சுட்டால் ஏறும், சட்டத்துக்கு விரோதமாக இன்னொரு ஆட்டக்காரரைத் தாக்கினால் இறங்கும். மைனஸ் 5க்குக் கீழே போனால் யார் வேண்டுமானாலும் உங்களைச் சுடலாம். மைனஸ் 10ல் இருக்கும் கடற்கொள்ளைக்காரர்களில் சொன்ன சொல் தவறாதவர்களை எனக்குத் தெரியும். பணம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்பார்கள், விட்டும் விடுவார்கள்.

உங்கள் உண்மையான பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, எந்தெந்த கார்ப்பில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற பட்டியல். உங்கள் கேரக்டரைத் திறந்து யாரும் அதைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. இரண்டாவது, ஸீகில்போர்டு மாதிரித் தளங்களில் சேரும் கில்மெயில்கள், அதாவது கப்பல் வெடித்த பதிவுகள். யாரை, யாரோடு சேர்ந்து, எந்தக் கப்பலில் சுட்டீர்கள் என்பதெல்லாம் அங்கே கிடக்கும். மூன்றாவது, நீங்கள் இல்லாத டிஸ்கார்ட் அறையில் உங்கள் பெயர் வரும்போது நாலு பேர் சொல்வது. கனமானது இந்த மூன்றாவதுதான்.

நான் வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது, பெரிய கப்பல் எதுவும் ஓட்டத் தெரியாது. என்னை யாரு மதிப்பாங்க?

உங்களிடம் ஃப்ரிகேட் என்ற சின்னக் கப்பல் ஒன்று இருக்கிறதா? அது போதும். ஃப்ளீட்டில், அதாவது ஒன்றாகப் பறக்கும் கப்பல் படையில், டேக்கிள் என்றொரு வேலை உண்டு. எதிரியின் கப்பல் தப்பித்து ஓடாமல் பிடித்து வைத்திருக்கும் வேலை. கப்பல் விலை சொற்பம், பயிற்சியும் சில நாள்தான். நூறு மடங்கு விலையுள்ள கப்பலை இரண்டு வாரப் பையன் ஒருவன் பிடித்து நிறுத்தி, மற்றவர்கள் வந்து சேரும்வரை உயிரோடு இருந்தால், அன்றைக்கு அவன் பெயரை ஃப்ளீட் கமாண்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அதைவிட எளிதான வழியும் உண்டு. ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் ஏழு மணிக்கு வாருங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். குரல் சேனலில் கமாண்டர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். பக்கத்து சிஸ்டத்தில் (நட்சத்திர மண்டலத்தில்) எதிரி தெரிந்தால் எத்தனை பேர், என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று இன்டெல் சேனலில் ஒழுங்காக எழுதுங்கள். இதை மூன்று மாதம் விடாமல் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் செய்கிறவர்கள் கண்ணில் படுகிறார்கள்.

எந்த கார்ப்ல சேரணும்? நம்ம ஊர் நேரத்துக்கு யாராவது ஆடுறாங்களா?

கார்ப்பின் பெருமையைப் பார்க்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆளில்லாத நேரத்தில் ஆடினால் யாருக்கும் உங்களைத் தெரியப் போவதில்லை. ஈவ் நேரம் என்பது கிரீன்விச் நேரம்தான். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஐரோப்பியர்கள் கூடும் உச்ச நேரம் நமக்கு இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். அமெரிக்க மாலை நமக்கு விடியற்காலை. மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் சிரமம்.

நமக்கு வசதியானது ஆஸ்திரேலிய, சீன மாலை நேரம்தான். ஆஸ்திரேலியர்களின் மாலை நமக்குப் பிற்பகல். டிரான்குவிலிட்டிக்கே வந்து ஆடும் சீன ஆட்டக்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஃப்ரடர்னிட்டி போன்ற அலையன்ஸ்கள் (பல கார்ப்கள் சேர்ந்த கூட்டணிகள்) சுறுசுறுப்பாக இருப்பது நமக்கு மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். தினமும் மாலை நாலரைக்கு, அதாவது ஈவ் நேரம் 11 மணிக்கு, சர்வர் கொஞ்ச நேரம் நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கற்றுக்கொள்ள நினைத்தால் 2004லிருந்து இயங்கும் ஈவ் யுனிவர்சிட்டி இருக்கிறது. கூட்டத்தோடு சண்டைக்குப் போக ஆசைப்பட்டால் பாண்டமிக் ஹோர்ட், கர்மாஃப்ளீட், பிரேவ் மாதிரி புதியவர்களுக்கென்றே திறந்திருக்கும் இடங்கள் உண்டு. யாரையும் தாக்குவதில்லை என்று கொள்கை வைத்திருக்கும் சிக்னல் கார்டெல்லும் இருக்கிறது. வார்ம்ஹோல் என்ற விண்வெளிக் குறுக்குவழிகளுக்குள் வழி தவறிச் சிக்கிக்கொண்டவர்களைத் தேடிப்போய் மீட்பது அவர்கள் வேலை. எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

சேரும்போதே போலீஸ் விசாரணை மாதிரி கேக்குறாங்க. என் மெயில், வாலெட் எல்லாம் ஏன் பார்க்கணும்?

பட்ட அடி அப்படி. 2005ல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை யுபிக்வா செராஃப் என்ற கார்ப்புக்குள் ஆட்களை நுழைத்தது. அவர்கள் மாதக்கணக்கில் நல்ல உறுப்பினர்களாக உழைத்துப் பதவி உயர்ந்தார்கள். பிறகு ஒரே நாளில் தலைவியின் கப்பலை வெடித்து, கிடங்குகளைத் துடைத்துக்கொண்டு போனார்கள். 2009 பிப்ரவரியில் நடந்தது இதைவிடப் பெரியது. அன்றைய வல்லரசு பேண்ட் ஆஃப் பிரதர்ஸ். அதில் டைரக்டர் பதவியில் இருந்த ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தன் அதிகாரத்தை வைத்து அலையன்ஸையே கலைத்துவிட்டார். பல வருடப் போரில் சாதிக்க முடியாததை ஒரு பட்டன் சாதித்தது.

அதனால் உங்கள் அனுமதியோடு சிசிபி தரும் முறைப்படி தகவல்களைப் பார்ப்பார்கள். விலகியதும் அந்த அனுமதியை நீங்கள் ரத்து செய்துவிடலாம். கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதைக் கேட்கிற கார்ப் எதுவாக இருந்தாலும் அன்றே விலகுங்கள்.

கார்ப், அலையன்ஸ், கோயலிஷன், மூணும் ஒண்ணுதானே?

கார்ப் ஒரு குடும்பம் மாதிரி. பல கார்ப்கள் சேர்ந்தது அலையன்ஸ். தொடங்க நூறு கோடி இஸ்க் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கட்டணம். இரண்டையும் விளையாட்டே அங்கீகரிக்கிறது. பல அலையன்ஸ்கள் கைகோத்தால் கோயலிஷன், ஆனால் அப்படி ஒரு பட்டன் விளையாட்டில் இல்லை. தலைவர்கள் பேசி வைத்துக்கொண்ட நம்பிக்கைதான் அது. ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பேச்சை நம்பிப் போருக்குப் போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ப்ளூ, நியூட், ரெட்னு பேசிக்கிறாங்க. யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது?

ஒவ்வொரு அலையன்ஸும் மற்றவர்களுக்கு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை ஒரு மதிப்பெண் வைக்கும். பிளஸ் என்றால் நீல நிறம், நண்பர். மைனஸ் என்றால் சிவப்பு, எதிரி. எதுவும் இல்லாதவர் நியூட்.

சட்டம் எட்டாத நல்செக் பகுதியில் பெரும்பாலோர் நடைமுறை "நீலம் இல்லையா, சுடு". நியூட் என்பதற்காக யாரும் தயங்குவதில்லை. இதற்கு நேர்மாறாக பிராவிடன்ஸ் பகுதியில் சிவிஏ என்ற அலையன்ஸ் "சிவப்பாக இல்லாதவரைச் சுடாதே" என்ற கொள்கையைப் பல வருடம் காப்பாற்றியது. முன்பின் தெரியாதவர்களும் அங்கே போய்ப் பிழைக்கலாம். யார் வந்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியிருந்ததால் அவர்களுக்கு இழப்பு அதிகம்தான். ஆனாலும் அந்தப் பகுதி அவர்கள் கையை விட்டுப் போனபோது எதிரிகள்கூட வருத்தப்பட்டார்கள்.

அண்ணா, தெரியாம நம்ம ப்ளூவையே சுட்டுட்டேன். கப்பல் வெடிச்சிருச்சு. யாருக்கும் தெரியுறதுக்கு முன்னாடி என்ன பண்றது?

தெரிந்துவிட்டது. கில்மெயில் ஏற்கனவே போயிருக்கும். இனி உங்கள் கையில் இருப்பது யார் முதலில் பேசுவது என்பது மட்டுமே. அவரே வந்து கேட்கும் முன்னால் நீங்கள் எழுதுங்கள். "தவறு என்னுடையது, கப்பலின் முழு விலையையும் உள்ளே இருந்த சரக்கின் விலையையும் சொல்லுங்கள், அனுப்புகிறேன்." அவ்வளவு போதும். ஓவர்வியூ (சுற்றிலும் உள்ள கப்பல்களைக் காட்டும் பட்டியல்) சரியில்லை, இருட்டாக இருந்தது என்று காரணங்களை அடுக்காதீர்கள். பிறகு உங்கள் டிப்ளோவிடம், அதாவது மற்ற அலையன்ஸ்களோடு பேசும் பொறுப்பில் இருப்பவரிடம், சொல்லுங்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து புகார் வரும்போதுதான் அவர் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால் அவர் நிலைமை தர்மசங்கடம்.

எனக்கே நடந்திருக்கிறது. முதல் வருடம், ஓவர்வியூ அமைப்பை மாற்றிவிட்டு அடுத்த நாள் காவல் சுற்றுக்குப் போனேன். நிறம் சரியாகத் தெரியவில்லை. நட்பு அலையன்ஸின் சரக்குக் கப்பல் ஒன்றை வெடித்துவிட்டேன். ஒன்பது கோடி இஸ்க். அப்போது என்னிடம் இருந்ததில் பாதிக்கு மேல். கை நடுங்கிக்கொண்டே அனுப்பினேன். அந்த மனிதர் "சரி, நடப்பதுதான்" என்று ஒரு வரி எழுதினார். அதற்கப்புறம் ஆறு மாதம் அவர் பெயரைப் பார்க்கவில்லை. ஒருநாள் எங்கள் சின்னக் கோட்டையை எதிரிகள் சூழ்ந்தபோது, நான் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே அவர் இருபது பேரோடு வந்து நின்றார். அந்தப் பணத்துக்காகத்தான் வந்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் பணம் அனுப்பாமல் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

டிப்ளோங்கிறவர் என்னதான் செய்வார்? சண்டையும் போடுறதில்லை, சம்பாதிக்கிறதும் இல்லை.

பேசுவார். நாள் முழுக்கப் பேசுவார். மேலே சொன்ன மாதிரி விபத்துகளைச் சமாளிப்பது, எல்லைத் தகராறைத் தீர்ப்பது, நாளைக்கு யார் பக்கம் மாறப்போகிறார் என்று இன்றே மோப்பம் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. நல்ல டிப்ளோ எதிரியோடும் பேச்சை விடமாட்டார். போர் முடியும் நாளில் பேச யாராவது வேண்டுமே.

இந்த வேலைக்கு அடையாளமாக இன்றும் சொல்லப்படும் பெயர் வைல் ரேட். கூன்ஸ்வார்மின் டிப்ளோ. நிஜ வாழ்க்கையில் ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்தார். செய்தி வந்ததும் நண்பர், எதிரி என்ற வித்தியாசம் இல்லாமல் ஆட்டக்காரர்கள் தங்கள் விண்வெளி நிலையங்களின் பெயரை அவர் நினைவாக மாற்றினார்கள். போர் நடந்துகொண்டிருந்த பகுதிகளிலும் அவர் பெயர் தொங்கியது. பெயர் சம்பாதிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரெண்டு அலையன்ஸும் ஒப்பந்தத்தை எழுதி கையெழுத்துப் போட்டுட்டா போதாதா?

எழுதுவது நல்லதுதான், மறதிக்கு மருந்து. ஆனால் முதல் பதிலில் சொன்ன மாதிரி, மீறினால் கேட்க ஆளில்லை. நிற்கும் ஒப்பந்தங்களில் நான் கவனித்தது மூன்று விஷயம். இரு தரப்புக்கும் ஒரே எதிரியோ ஒரே சந்தையோ இருக்கும். முடிக்க விரும்பினால் இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். தலைவர்கள் மட்டுமின்றிச் சாதாரண உறுப்பினர்களும் ஒன்றாக ஃப்ளீட் போவார்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேற்று தோளோடு தோள் நின்றவனைச் சுடச் சொன்னால் உறுப்பினர்களே தலைவரைக் கேள்வி கேட்பார்கள்.

பெரிய பணம் கைமாறும்போது மூன்றாம் ஆளை வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு காலத்தில் சூப்பர் கேபிடல் என்ற மிகப் பெரிய போர்க்கப்பல்களைச் சந்தையில் விற்க முடியாது, நேரில்தான் ஒப்படைக்க வேண்டும். அப்போது எல்லோரும் நம்பியது கிரிப்பா என்ற ஆட்டக்காரரை. விளையாட்டிலேயே மலிவான வெல்ட்ஸ்பார் பாறையை வெட்டுவதில் பேர்போனவர். கோடிகோடியாக அவர் கை வழியே போனது. ஒரே ஒருமுறை ஓடியிருந்தாலும் பெருஞ்செல்வம் அவருடையது. அவர் ஓடவில்லை.

நாங்க பதினஞ்சு பேர்தான். பெரிய அலையன்ஸ் கூப்பிடுது. போகலாமா?

போனால் பாதுகாப்பும் வருமானமும் கிடைக்கும். உங்கள் பெயர் அவர்கள் பெயருக்குள் கரையும், அவர்களின் எதிரிகள் எல்லோரும் உங்கள் எதிரிகள் ஆவார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஆறு மாதம் பக்கத்து வீட்டுக்காரராக இருந்து பாருங்கள். அவர்கள் ஃப்ளீட்டுக்குப் போங்கள், தோற்ற பிறகு எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஜெயித்த நாளில் எல்லோரும் நல்லவர்கள்தான். உங்களில் இரண்டு பேராவது அவர்கள் தலைமையோடு நேரடியாகப் பேசும் நிலை வந்த பிறகு சேருங்கள். வாடகைக்கு இடம் தருகிறோம் என்று மட்டும் கூப்பிட்டால், அது நட்பு இல்லை, வியாபாரம். வியாபாரமாகவே நடத்துங்கள்.

ஏமாத்துறது அனுமதின்னா, நேர்மையா இருக்கிறவன்தானே ஏமாளி?

இதை யார் கேட்டாலும் நான் 2017 செப்டம்பரைச் சொல்வேன். சர்க்கிள் ஆஃப் டூ என்ற அலையன்ஸின் டிப்ளோ, ஆட்டக்காரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் மன்றத்திலும் உறுப்பினர். தலைவர் நடந்துகொள்ளும் விதத்தில் மனம் கசந்திருந்தார். ஒருநாள் அலையன்ஸின் கஜானாவை எடுத்துக்கொண்டு, அதன் மாபெரும் கீப்ஸ்டார் கோட்டையை கூன்ஸ்வார்ம் பக்கத்துக்குக் கைமாற்றிவிட்டார். காலையில் எழுந்த உறுப்பினர்களுக்கு வீடே இல்லை. ஆத்திரத்தில் தலைவர் நிஜ வாழ்க்கையில் தாக்குவது மாதிரி மிரட்டல் எழுதினார். சிசிபி அவரை நிரந்தரமாகத் தடை செய்தது.

கஜானா எடுத்தவர் விதிப்படி குற்றம் எதுவும் செய்யவில்லை, பணக்காரர் ஆனார். அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெயரிடம் யார் சாவியைக் கொடுப்பார்கள்? துரோகத்தை ஒருமுறை விற்கலாம், நல்ல விலையும் கிடைக்கும். ஈவில் நீங்கள் பத்து வருடம் இருக்க நினைத்தால் அந்த ஒருமுறைக்குப் பிறகு ஒன்பது வருடம் பாக்கி இருக்கிறது. இன்னொரு பாடமும் இதில் உண்டு, தலைவர்களுக்கு. மேலே சொன்ன 2009 கதையிலும் சரி, இதிலும் சரி, வெளியிலிருந்து சுவர் இடியவில்லை. சாவி வைத்திருந்த ஆளின் மனக்குறையை உள்ளே இருந்தவர்கள் கவனிக்கவில்லை.

ஒரு எல்லையை மட்டும் மறக்க வேண்டாம். நிஜப் பணத்துக்கு இஸ்க் விற்பது, நிஜ வாழ்க்கை மிரட்டல், சிசிபி ஊழியர் போல நடிப்பது, புதியவர்கள் தொடங்கும் சிஸ்டங்களில் அவர்களை ஏமாற்றுவது இவையெல்லாம் விதிமீறல். கணக்கு போய்விடும்.

எங்க கார்ப்ல ஸ்பை இருக்கானோன்னு பயமா இருக்கு. எல்லாரையும் விசாரிக்கட்டுமா?

இருப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும் எந்தக் குழுவிலும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். விசாரணை ஆரம்பித்தால் ஸ்பை சிரித்துக்கொண்டு பதில் சொல்வான், நல்லவர்கள் மனம் வெறுத்துப் போவார்கள். ஆளைத் தேடாமல் கதவைப் பூட்டுங்கள். டைரக்டர் பதவியை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். கிடங்குகளைப் பிரித்து வையுங்கள். முக்கியமான நேரமும் இடமும் கடைசி நிமிடத்தில் சொல்லுங்கள்.

ஸ்பை இல்லாமலும் கெட்டுப்போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி சிஸ்டத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அதிலிருந்து தொடங்கிய சண்டை 21 மணி நேரம் நீடித்து, விளையாட்டிலேயே மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்களில் 75 அழிந்தன.

என் பேரு கெட்டுப்போச்சு. கேரக்டரை வித்துட்டு புதுசா வரலாமா?

சிசிபியின் விதிப்படி கேரக்டரை விற்கலாம், வாங்கலாம். ஆனால் குரல் மாறாது, பேசும் விதம் மாறாது, ஆடும் நேரமும் மாறாது. புதுப் பெயரில் வந்து ஆறாவது மாதம் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை யாரும் மன்னிக்கவில்லை. பழைய பெயரிலேயே, யாருக்கு நஷ்டம் வைத்தீர்களோ அவரிடமே போய்க் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். அவர் வாங்கிக்கொண்டு திட்டலாம். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்களை ஏற்கும் ஒரு சின்ன கார்ப்பில், சாவி எதுவும் கேட்காமல் ஒரு வருடம் ஆடுங்கள்.

இந்த அலையன்ஸ் பிடிக்கலை. சண்டை இல்லாம எப்படி வெளிய வர்றது?

போர் நடுவில் போகாதீர்கள். முடியும்வரை இருங்கள், அல்லது உங்கள் நிலைமையைத் தலைமையிடம் சொல்லிவிட்டு ஆடுவதை நிறுத்தி வையுங்கள். அலையன்ஸ் கடனாகக் கொடுத்த கப்பல்களைத் திருப்பிக் கொடுங்கள். பொறுப்புகளை ஒப்படைத்து விலகினால் கார்ப்பை விட்டு வெளியேற 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தச் சரக்கைப் போவதாகச் சொல்வதற்கு முன்பே விளையாட்டின் பெரிய சந்தையான ஜிடா பக்கம் நகர்த்திவிடுங்கள். இதில் தப்பு எதுவும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். போகும் நாளில் பொதுச் சேனலில் நீளமான குற்றப்பட்டியல் வேண்டாம். உங்களோடு ஃப்ளீட் பறந்த நாலைந்து பேருக்குத் தனியாக எழுதுங்கள், எங்கே போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்த கார்ப்பில் உங்களைப் பற்றி விசாரிக்கும்போது அவர்கள் கேட்கப்போவது அந்த நாலைந்து பேரைத்தான்.